பணம் தருபவருக்குப் படம் தெரிய வேண்டாமா?

உயர்தெளிவு! ஹெச்.டி.! இந்த இரண்டு எழுத்துகளைக் காட்டி இன்று பெரும் வாணிபமே நடக்கிறது. சேவுகம்பட்டித் தெருக்களும் அதற்கு விலக்கல்ல. ஒருபுறம் கேபிள்காரர், மறுபுறம் கூரைமேல் குடை பொருத்தும் டி.டி.எச். முகவர். "மாதம் சற்றே கூடுதல், படமோ கண்ணாடி போல!" என்கிறார்கள் இருவரும். சற்றே கூடுதல் என்பது அவர்கள் கணக்கு. விடியுமுன் எழுந்து மல்லிகை பறித்துக் கூலி வாங்கும் குடும்பத்துக்கு அது ஒரு நாள் அடுப்பெரியும் காசு. அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

விஞ்ஞானத்தைப் பழிப்பதல்ல நம் நோக்கம். பழைய ஒளிபரப்பில் ஒரு படத்துக்கு 720க்கு 576 புள்ளிகள்; ஏறத்தாழ நான்கு லட்சம். உயர்தெளிவில் 1920க்கு 1080. இருபது லட்சத்துக்கும் மேல். ஐந்து மடங்கு! பந்து போன திசையைத் தேட வேண்டாம். திரையின் அடியில் ஓடும் செய்தியைப் பாட்டியும் படிக்கலாம். நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் அந்த ஐந்து மடங்கும் வீட்டுத் திரைவரை வந்து சேருகிறதா?

அலைவரிசை உயர்தெளிவில் வர வேண்டும். செட்டாப் பாக்ஸ் அதை ஏற்க வேண்டும். தொலைக்காட்சியும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தும், இரண்டையும் இணைப்பது மஞ்சள், சிவப்பு, வெள்ளை நுனிகொண்ட பழைய கம்பியானால் எல்லாம் வீண்! அந்தக் கம்பி வழியே பழைய தெளிவுதான் வரும். ஹெச்.டி.எம்.ஐ. கம்பி வேண்டும். கட்டணம் ஐந்து மடங்குப் படத்துக்கு, காண்பதோ பழைய படம்! பெட்டி பொருத்த வருபவர் இதைத் தாமாகச் சொல்வதுண்டா? கேட்டால் சொல்வார், கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் குடிசைக்குள்ளும் பெட்டியைக் கொண்டு சேர்த்தது. 14 அங்குலப் பெட்டி. எத்தனையோ வீடுகளில் முதல் பெட்டி. அத்தகைய திரைக்கு உயர்தெளிவு விற்பது, மாட்டுவண்டிக்கு விமான எண்ணெய் விற்பது போன்றது. 32 அங்குலத் திரையே ஆயினும், பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் கண்ணுக்கு வேறுபாடு குறைவு. பெரிய திரை உள்ளவர் வாங்கட்டும், தாராளமாக!

அடுத்தது தொகுப்பு மாயம். தை மாதத்தில் சேவுகம்பட்டிப் பெருமாள் கோயிலில் கூடை கூடையாக வாழைப்பழம் சூறை விடுவதை நாடறியும். அள்ளி இறைப்பார்கள், பிடித்தவர் விலை கொடுப்பதில்லை. அலைவரிசைகளையும் அப்படித்தான் மடியில் இறைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலை! தெரியாத மொழி, பார்க்காத விளையாட்டு, எல்லாம் கட்டணத்தில் ஏறுகின்றன. 2017இல் டிராய் பிறப்பித்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஆணை, வேண்டியதைத் தனித்தனியே பொறுக்கி எடுக்கும் உரிமையைத் தந்தது. ஒரே அலைவரிசையின் இரு வடிவங்களையும், உயர்தெளிவையும் சாதாரணத்தையும், ஒரே தொகுப்பில் திணிக்கலாகாது என்றும் சொல்லிற்று. ஆனால் இணைப்புக் கட்டணத்துக்கு 130 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பை 2024 ஜூலையில் அதே டிராய் நீக்கிவிட்டது! இப்போது கட்டணம் அவரவர் வைத்தது. ஆகவே, 18 சதவீத வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதைக் கையெழுத்தில் வாங்காமல் எவரும் தலையாட்ட வேண்டாம்.

குடையா, கம்பியா? அடைமழையில் குடைக்கு அலை மங்கும். ஐப்பசி மழை கொட்டும்போது படம் கட்டம் கட்டமாகச் சிதறும். தூர்தர்ஷனின் இலவசக் குடைக்கு மாதக் கட்டணமே இல்லை. தமிழ் அலைவரிசைகளோ குறைவு. கேபிளில் பழுது வந்தால் ஊர்க்காரரே வருவார். நம் மனம் கேபிள் பக்கமே சாய்கிறது, அதிலும் அரசு கேபிள் பக்கம். 2007இல் நிறுவப்பட்டு, 2011இல் மாதம் 70 ரூபாய்க்குப் புத்துயிர் பெற்ற நிறுவனம் அது. டிஜிட்டல் உரிமம் கேட்டது 2012இல். டெல்லி கொடுத்தது 2017இல்! மாநில அரசுகள் இத்துறையில் இறங்கலாகாதென்று 2008லும் 2012லும் பரிந்துரைத்த டிராய்க்கு, தனியார் கட்டணம் ஏறும்போது மட்டும் சந்தை சரிசெய்யும் என்ற நம்பிக்கை!

பொறுத்திருந்து பெற்ற உரிமம் பயன்பட வேண்டாமா? நகரத்து வீதிக்கு எந்த உயர்தெளிவுப் பெட்டியோ, சேவுகம்பட்டியின் கடைசித் தெருவுக்கும் அதே பெட்டி, அதே கட்டணம், உடன் ஹெச்.டி.எம்.ஐ. கம்பியும். வாடிக்கையாளரின் சொந்தத் திரையில் இரு படங்களையும் மாற்றிக் காட்டிய பிறகே பணம் வாங்க வேண்டும். அரசு கேபிள் இதைத் தொடங்கட்டும்; தனியாரும் வேறு வழியின்றிப் பின்தொடர்வர்.