ஒரே இரவுக்கு ஐந்து சாட்சிகள்



பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் இது. பிளஸ் ஒன்னில் எந்த குரூப், கல்லூரியில் எந்தப் பாடம் என்ற பேச்சு இல்லாத வீடு குறைவு. கல்வெட்டுகள் பற்றி நம் இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருந்தார். மருந்துக்கும் ராக்கெட்டுக்கும் ஆராய்ச்சி நடக்கட்டும், அதற்குச் செலவழிக்கலாம்; பழைய கணக்கேட்டையும் கிராமத்துக் கதையையும் வைத்துக்கொண்டு முனைவர் பட்டம் வாங்கினால் யாருக்கு என்ன லாபம் என்பது அவர் கேள்வி. கடிதத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. மகளுக்கு வரலாற்றின் மேல் ஆசையாம்.

இதே கவலை வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன். அறிவுரையாகச் சொல்லாமல், உண்மையில் நடந்த ஒரு கதையாகச் சொல்கிறேன்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி, கனடாவின் வான்கூவர் தீவிலிருந்து வட கலிபோர்னியா வரை, கடலுக்கடியில் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நிலத்தட்டு இன்னொரு நிலத்தட்டின் அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. கஸ்கேடியா என்று அந்த இடத்துக்குப் பெயர். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே உடைந்து நம் கரையை அடித்ததும் இதே வகைப் பிளவுதான். ஆனால் கஸ்கேடியாவில் அப்படியொரு பெரும் நிலநடுக்கம் வந்ததாக எழுத்தில் ஒரு வரி கிடையாது. எழுதிவைக்கும் பழக்கம் உள்ள ஐரோப்பியர்கள் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்ததே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அங்கே தட்டுகள் சத்தமில்லாமல் நழுவிக்கொண்டிருக்கின்றன, ஆபத்தில்லை என்றே 1980-களின் தொடக்கம் வரை நிலவியலாளர்கள் பலர் நினைத்தார்கள். சியாட்டிலும் போர்ட்லாண்டும் அந்த நிம்மதியில் வளர்ந்த நகரங்கள்.

நிம்மதியைக் கலைத்தது சேறு. அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வு அமைப்பைச் சேர்ந்த பிரையன் அட்வாட்டர், வாஷிங்டன் மாநிலத்தின் கழிமுகங்களில் கடல்நீர் வற்றும் நேரம் பார்த்துச் சிறு படகில் போய்க் கரைகளைச் சுரண்டிப் பார்த்தார். அடியில், ஒருகாலத்தில் புல் முளைத்திருந்த சதுப்பு மண். அதன் மேல் மெல்லிய மணல் விரிப்பு. அதற்கும் மேலே கடல் ஏறி இறங்கும்போது படியும் சேறு. மேட்டில் இருந்த புல்தரை திடீரென்று தாழ்ந்திருக்கிறது. தாழ்ந்த கையோடு கடல் மணலை வாரி இறைத்திருக்கிறது. 1987-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதை எழுதினார். அந்தக் கரையில் கோப்பாலிஸ் ஆற்றோரம் செத்தும் விழாமல் நிற்கும் சீடர் மரங்களின் கூட்டம் ஒன்று உண்டு. நிலம் இறங்கி உப்புநீர் வேருக்கு வந்ததால் பட்டுப்போன மரங்கள் அவை.

எப்போது என்பதுதான் அடுத்த கேள்வி. கரிமக் காலக்கணிப்பு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் என்றது. ஆனால் அந்த முறை பத்து இருபது ஆண்டுகள் முன்னே பின்னே போகும். மர வளையங்களை எண்ணும் டேவிட் யமகுச்சி, செத்த மரங்களின் வளைய வரிசையை அதே பகுதியில் இன்னும் உயிரோடு நிற்கும் முதிய சீடர் மரங்களின் வரிசையோடு பொருத்திப் பார்த்தார். நிற்கும் மரங்களில் வெளிப்புற வளையங்கள் மழையிலும் காற்றிலும் தேய்ந்துபோயிருந்தன. 1600-களின் கடைசி வரை உயிரோடு இருந்தன என்று சொல்ல முடிந்தது; செத்த ஆண்டைச் சொல்ல முடியவில்லை.

இதற்குள் கதை பசிபிக் கடலைத் தாண்டி ஜப்பானுக்குப் போகிறது. நிலநடுக்கம், கடல் பொங்கல் பற்றிய பழைய ஆவணங்களைத் தேடித் தொகுப்பது அங்கே நெடுங்காலமாக நடந்துவரும் வேலை. அந்தத் தொகுப்பில் விடுகதை போல ஒரு நிகழ்ச்சி இருந்தது. அன்றைய ஜப்பானியச் சந்திர நாட்காட்டிப்படி கென்ரோகு 12-ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள் நள்ளிரவு வாக்கில், கரையோர ஊர்கள் பலவற்றில் கடல் ஏறியிருக்கிறது. குவகசாகி என்ற மீனவ ஊரில் வீடுகள் போயின, தீயும் பிடித்தது; அதிகாரிகள் அரிசி கொடுத்ததைக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். மிஹோ கிராமத்துத் தலைவர், முதியோரையும் சிறுவர்களையும் கோயிலுக்கு அனுப்பிவைத்ததாகக் குறித்திருக்கிறார். நிலம் அசையாமல் தண்ணீர் மட்டும் வந்ததே என்று அவருக்கு வியப்பு. தாய் நடுக்கம் தெரியாத இந்த அலையைப் பின்னாளில் ஆய்வாளர்கள் ‘அநாதை சுனாமி’ என்று அழைத்தார்கள்.

நிலநடுக்கவியலாளர் கென்ஜி சதாகேயும் அவர் கூட்டாளிகளும் அதன் தாயைத் தேடினார்கள். ஜப்பானில் நிலம் அசையவில்லை. தென் அமெரிக்காவில் ஸ்பானியர் எழுதிவைத்த பதிவுகளில் அந்த நாட்களில் பெரிய நடுக்கம் எதுவும் இல்லை. எஞ்சிய இடங்களில் கஸ்கேடியாதான் பொருந்தியது. ஏட்டின் தேதியை இன்றைய நாட்காட்டிக்கு மாற்றி, அலை பசிபிக்கைக் கடக்கச் சுமார் பத்து மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டுப் பின்னோக்கிப் போனால், கஸ்கேடியா உடைந்தது 1700 ஜனவரி 26, இரவு ஒன்பது மணி வாக்கில் என்று வருகிறது. அளவு ஏறத்தாழ 9. இதை அவர்கள் 1996-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்.

மணி வரைக்கும் சொல்லிவிட்டார்களே, சரிபார்க்க வழி உண்டா? உண்டு. யமகுச்சியும் அட்வாட்டரும் மறுபடி அதே செத்த மரங்களுக்குப் போனார்கள். இம்முறை தண்டை விட்டுவிட்டு, சேற்றுக்குள் பட்டையோடு பத்திரமாக இருந்த வேர்களைத் தோண்டினார்கள். கடைசி வளையம் 1699 கோடையில் வளர்ந்து முடிந்திருந்தது. 1700 வசந்தத்துக்கான வளையம் தொடங்கவே இல்லை. மரங்கள் செத்தது அந்தக் குளிர்காலத்தில். 1997-ல் இந்த முடிவும் அச்சேறியது.

இவ்வளவும் ஆகுமுன்பே இந்த இரவைப் பற்றி அறிந்திருந்தவர்கள் அந்தக் கரையின் பூர்வகுடிகள். வான்கூவர் தீவின் பச்சேனா விரிகுடாப் பகுதியில், ஓர் இரவு நிலம் குலுங்கியதையும், உடனே கடல் வந்து ஓர் ஊரையே கொண்டுபோனதையும், மேட்டில் இருந்தவர்கள் மட்டும் பிழைத்ததையும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். இடிப்பறவையும் திமிங்கிலமும் சண்டையிட, நிலம் அதிர்ந்து கடல் பொங்கியது என்ற கதை அந்தக் கரையில் பல ஊர்களில் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழக நிலநடுக்கவியலாளர் ரூத் லட்வின் இக்கதைகளைத் திரட்டி, எந்தெந்தக் கதை எந்தத் தலைமுறையைச் சுட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்.

இப்போது எண்ணிப் பாருங்கள். சேறு, மரம், ஏடு, கதை, கணக்கு என ஐந்து சாட்சிகள். ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு குறை உண்டு. சேறு நடந்ததைச் சொல்லும், நாளைச் சொல்லாது. மரம் பருவத்தைச் சொல்லும், தன்னைக் கொன்றது எது என்று சொல்லாது. ஏட்டுக்கு நாள் தெரியும், அலை எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கதைக்கு இரவும் பயமும் தெரியும், ஆண்டு தெரியாது. கணினிக் கணக்கு இவை நான்கும் சொல்வது ஒன்றோடொன்று ஒத்துவருமா என்று பார்க்கும். தானாக ஒன்றையும் கண்டிருக்காது. மிஹோ கிராமத் தலைவர் கோப்பாலிஸ் ஆற்றைக் கேள்விப்பட்டதில்லை. சீடர் மரத்துக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஒருவரோடு ஒருவர் கலந்து பேசாத சாட்சிகள் ஒரே இரவைக் காட்டும்போதுதான் நீதிபதிக்கு நம்பிக்கை வருகிறது. துறைகள் பலவாக இருப்பதன் பெரிய பலம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு துறை தவறும் இடத்தில் இன்னொன்றும் அதே மாதிரி தவறுவதில்லை.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொருவரும் தம் வேலையைத் தம் துறையின் கண்டிப்போடு செய்திருக்க வேண்டும். ஏடு படிப்பவர் சந்திர மாதத்தைத் தப்பாக மாற்றியிருந்தால் எல்லாமே சரிந்திருக்கும். கதை கேட்டவர் தமக்கு வேண்டியதைச் சேர்த்து எழுதியிருந்தாலும் அப்படித்தான். கல்வெட்டு, சுவடி, நாட்டார் வழக்கு எல்லாம் ‘எளிதான பாடம்’ என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஒரு பழைய ஏட்டில் ஒரு தேதியை ஐயமறப் படிக்கும் உழைப்பு, ஆய்வகத்தில் ஒரு அளவீட்டை எடுக்கும் உழைப்புக்குக் குறைந்ததல்ல.

இன்னொன்றும் பாருங்கள். இவர்களுக்கு முன்னோடிகளாக இருந்த யாரும் கஸ்கேடியாவுக்காகச் சேகரிக்கவில்லை. மர வளையங்களால் காலம் கணிக்கும் துறையை உருவாக்கிய ஏ.இ. டக்ளஸ் ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளின் பதினோரு ஆண்டுச் சுழற்சி மரங்களில் பதிந்திருக்குமா என்று பார்க்க அரிசோனாவில் மரம் அறுக்கத் தொடங்கினார். குவகசாகியில் அரிசி அளந்து கொடுத்ததை எழுதிய கணக்கருக்கு, நாளை மேலதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற எண்ணம்தான் இருந்திருக்கும்.

இப்படிக் காத்திருக்கும் சேகரங்கள் நம்மிடமும் உண்டு. 1899-ல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படமெடுத்துவந்தார்கள். அன்று எடுத்த தகடுகள் இன்று கணினியில் ஏறி, நூறாண்டுச் சூரியனை ஆராய உதவுகின்றன. புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவச் சுவடிகளும், உலர்த்திய தாவர மாதிரிகளும், மகரந்தத் துகள் சேகரிப்பும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அந்தச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. 2004 சுனாமிக்குப் பின் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் அலை அரித்ததில் வெளிவந்த பாறையில் கல்வெட்டு தெரிந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அங்கே முருகன் கோயில் ஒன்று இருந்தது தெரியவந்தது. தோண்டியபோது பல்லவர் காலத்துக்கும் முந்தைய செங்கல் கட்டுமானம் வெளிப்பட்டது. அதைப் புதைத்தது பழைய கடல் பொங்கலா என்று கேட்டால், பதிலுக்கு மண்ணைப் படிப்பவர் வேண்டும்.

எல்லா ஆய்வும் இப்படி ஒரு நாள் பலன் தரும் என்று அந்த வாசகருக்கு நான் உறுதி கொடுக்க மாட்டேன். நிறைய ஆய்வேடுகள் அலமாரியிலேயே இருந்துவிடும். இயற்பியலிலும் அப்படித்தான், வரலாற்றிலும் அப்படித்தான். எது தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதை மட்டும் செய்துவிட்டுப் போகலாம். அந்த வசதி யாருக்கும் கிடையாது. ‘உதவாத’ துறைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தால், ஒரு நாள் கேள்வி வரும்போது சாட்சிக் கூண்டில் ஒருவர் மட்டும் நிற்பார். அவர் சொல்வதைச் சரிபார்க்க ஆள் இருக்காது.

கஸ்கேடியாக் கதை புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. அந்தக் கரையில் சுனாமி வந்தால் ஓட வேண்டிய வழியைக் காட்டும் பலகைகள் இப்போது ஊருக்கு ஊர் நிற்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் ஊரின் ஓகோஸ்டா ஆரம்பப் பள்ளியை 2016-ல் புதிதாகக் கட்டியபோது, அதன் மொட்டைமாடியைச் சுமார் ஆயிரம் பேர் ஏறி உயிர் தப்பும்படி அமைத்தார்கள். சுனாமிக்கென்றே இப்படிக் கட்டப்பட்ட மேல்தளப் புகலிடம் வட அமெரிக்காவில் அதுதான் முதல். அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பாதுகாப்பில் முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கிராமத் தலைவருக்கும் பங்கு இருக்கிறது. மகளுக்கு வரலாற்றில் ஆசை என்றால் படிக்கட்டும் ஐயா, நன்றாகப் படிக்கட்டும்.

உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆய்வு செய்கிற பிள்ளை ஒருவர் இருப்பார். ‘எப்ப முடிக்கப் போறே?’ என்பதை இந்த ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டு, ‘நீ தேடுற கேள்வி என்ன?’ என்று கேளுங்கள். நத்தையானாலும் சரி, ஒப்பாரிப் பாட்டானாலும் சரி, எண்கணிதமானாலும் சரி. கேட்டதை உங்கள் மொழியிலேயே இரண்டு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். சூத்திரம் புரியாவிட்டால் பரவாயில்லை, அவர் எதைத் தேடுகிறார் என்பது புரிந்தால் போதும். அடுத்த இதழிலிருந்து மாதம் ஒன்றாக வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்