மரக்கட்டையைத் தொடாத என்ஜினியர்

பொறியியல் முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு மரப்புதிரை வடிவமைத்து, அறுத்து, இழைத்து, பூட்டிக் காட்ட வேண்டும். அதைச் செய்யாதவரை இரண்டாம் ஆண்டுக்கு அனுப்பக் கூடாது. இது என் கட்சி. இதைச் சொன்னால் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். "தாத்தா, அதெல்லாம் ஆறாங்கிளாஸ் கிராஃப்ட் பீரியடு" என்கிறான் பேரன். அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கொஞ்சம் கோபமும் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் அண்ணாமலைநகரில் பொறியியல் படிப்பு 1945லேயே வந்துவிட்டது. நம் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களில் முதல் என்ஜினியர் அங்கே படித்தவராகத்தான் இருப்பார். அந்தக் காலத்தில் ஒர்க்‌ஷாப் என்றால் கையில் காய்ப்பு ஏறும். தச்சுப் பட்டறையில் அரைப்பங்கு வெட்டி இணைப்பது, டவ்டெயில், நாக்கும் துளையும் என்று வரிசையாகச் செய்ய வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்திலும் முதலாண்டில் மரவேலை இருந்தது, பிளம்பிங், வயரிங், வெல்டிங்கோடு சேர்த்து. ஏட்டில் குறை ஒன்றும் இருக்கவில்லை.

நடைமுறை வேறு. சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். தச்சு மேசைகளின் மேல் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எப்போதோ யாரோ செய்த ஒரே ஒரு மர இணைப்பு, கைமாறிக் கைமாறி, ஒரு வகுப்பு முழுவதற்கும் மார்க் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ரெக்கார்டு நோட்டுகள் மட்டும் பளபளவென்று இருந்தன. "எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடுச்சு சார்" என்று எனக்கு விளக்கமும் சொன்னார்கள்.

பழைய முறையையே திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. அதிலும் ஓட்டை இருந்தது. எல்லோருக்கும் ஒரே வரைபடம், ஒரே அளவு. மாணவன் எதையும் தானாக முடிவு செய்ய வேண்டியதில்லை. செய்து முடித்த இணைப்பு மார்க் போட்டதும் மூலைக்குப் போகும், பிறகு அடுப்புக்கு. அதனால்தான் புதிர் கேட்கிறேன்.

அமெரிக்காவில் 'ப்ராஜெக்ட் லீட் த வே' என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்கிறார்கள். 27 சிறு மரக்கட்டைகளைக் கொடுத்து, முதலில் ஒவ்வொன்றையும் காலிப்பரால் அளக்கச் சொல்கிறார்கள். பிறகு அவற்றைச் சில துண்டுகளாக ஒட்ட வேண்டும். துண்டுகள் சேர்ந்தால் மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று என்று ஒரு கனசதுரம் வர வேண்டும். டென்மார்க்கின் பீட் ஹைன் 1933ல் கண்டுபிடித்த சோமா கனசதுரமும் இதே கணக்குதான். மூன்று கட்டை உள்ள துண்டு ஒன்று, நான்கு கட்டை உள்ள துண்டுகள் ஆறு. ஆக 27. அந்த ஏழு துண்டுகளையும் 240 விதமாகச் சேர்க்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இப்போது மாணவனிடம், "உன் புதிருக்கு ஒரே ஒரு விடைதான் இருக்க வேண்டும், துண்டுகளை நீயே தீர்மானி" என்று சொல்லிப் பாருங்கள். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து அதை எழுத முடியாது.

அடுத்தது அளவு. கட்டை 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 0.3 மில்லிமீட்டர் கூடிவிட்டால் மூன்று சேரும்போது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளும். கடைசித் துண்டு உள்ளே போகாது. பிழை எப்படிக் கூடிக் கூடி வளர்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம் எனக்குத் தெரியாது. கணினித் திரையில் 20க்கு 20 வழுக்கிக்கொண்டு போகும். கையில் போகாது. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதோடு மரம் சும்மா இருக்காது. கடலூர் மாதிரிக் கடற்கரை ஊரில் ஆடியில் லொடலொடவென்று இருந்த புதிர் கார்த்திகை மழையில் இறுகிக்கொள்ளும். மரம் ஈரத்தில் நீளவாக்கில் அனேகமாக நீளாது, குறுக்குவாக்கில்தான் ஊதும். இழை ஓட்டம் பார்த்துக் கட்டையை வைத்தவனுக்கு மழைக்காலத்திலும் புதிர் கழன்று வரும்.

செலவு என்பார்கள். 20 மில்லிமீட்டர் சதுரச் சட்டத்தில் 27 கட்டைக்கு 540 மில்லிமீட்டர். வாள் தின்னும் தூளையும் சேர்த்தால் இரண்டு அடி. பண்ருட்டிப் பலாமரம் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மாவட்டம் இது. மரவாடிக் கழிவில் ஒரு வகுப்புக்குத் தேவையானது கிடைத்துவிடும். ஆபத்து என்பார்கள். உளியின் வாய்க்கு முன்னால் கை வைக்காதே என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் பறக்கிற பிள்ளைகளுக்கு உளியா எமன்?

உண்மையான காரணம் இவை எதுவும் இல்லை. "நாங்க என்ன ஆசாரி வேலைக்கா வந்தோம்?" இதுதான் காரணம். பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் கேட்கிறார்கள், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பேராசிரியர்களும் அதைத்தான் நினைக்கிறார்கள். கையால் வேலை செய்பவன் கீழே, காகிதத்தில் வேலை செய்பவன் மேலே என்ற பழைய ஏணியைத்தான் கல்லூரி வாசலுக்குள்ளும் சாத்தி வைத்திருக்கிறோம். பட்டறையில் உளி பிடிக்கக் கற்றுக்கொடுப்பவர் 'மிஸ்திரி'. அவரை ஆசிரியர் அறையில் உட்கார வைக்க மாட்டோம்.

சிதம்பரத்தில் ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர் ஓடுகிறது. அத்தனை பெரிய பாரத்தை முக்கில் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தின் கீழ் போடுகிற முட்டுக்கட்டை. எந்தக் கோணத்தில், எந்த நொடியில் போட வேண்டும் என்பது பொறியியல் இல்லாமல் வேறு என்ன? தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் நான் சிறுவயதில் பார்த்த கட்டுமரமும் ஒரு புதிர்தான். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது எந்த மரம் எந்த இடம் என்பது மாறாது. இப்போது எல்லாம் ஃபைபர் படகு. அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவும் இல்லை.

"கவுரவம்தானே, போனால் போகிறது" என்று விட்டுவிடலாம் என்றால், உயிர் போகிற இடமும் இருக்கிறது. நான் சிவில்காரன். கட்டுமானத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். ஒரு கான்கிரீட் தளம் இறுகும் வரை அதைத் தாங்குவது சென்ட்ரிங். பலகை, முட்டு, ஆப்பு. சின்ன ஊர்களில் இன்றும் சவுக்குக் கழிதான். பிரிக்கும்போது வரிசை முக்கியம். இரண்டு பக்கமும் தாங்கிய தளத்துக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு வர வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடுக்கு வெளி நுனியிலிருந்து சுவரை நோக்கி வர வேண்டும். எந்தக் கட்டையை முதலில் உருவ வேண்டும் என்பது புதிர்காரனின் முதல் கேள்வி. அதைத் தெரியாத என்ஜினியர்கள் தளத்தின் கீழே போய்ப் பார்க்காமல் மேலே நின்று கையெழுத்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆப்பு இறுகியிருக்கிறதா என்று தட்டிப் பார்க்க அவர்களுக்குக் கை வராது. சரிந்தால் கீழே நிற்பவர் சித்தாளும் கொத்தனாரும். கையெழுத்துப் போட்டவர் அல்ல.

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஒரு பருவத்தில் ஆறு வாரம் கொடுங்கள். முதல் வாரம் வடிவமைப்பு. இரண்டாம் வாரம் வரைபடம். அந்த வரைபடத்தைப் பக்கத்து மாணவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்காமல் அதைப் பார்த்துச் செய்ய முடிந்தால்தான் அது வரைபடம். மூன்று வாரம் பட்டறை. கடைசி வாரம் வேறு துறைப் பிள்ளைகள் அதைப் பிரித்துப் பூட்ட வேண்டும். பூட்டியதா இல்லையா என்பதில் சிபாரிசுக்கு இடமே இல்லை.

கடலூர், சிதம்பரம் பக்கம் எந்தக் கல்லூரி முன்வந்தாலும் என் இழைப்புளியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். சம்பளம் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. அந்த மதிப்பெண் பட்டியலில் பேராசிரியரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் பட்டறை ஆசாரியின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.