கண்ணுக்குத் தெரியாத தள்ளாட்டம்



வெள்ளிக்கிழமை நண்பகல். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களில் உங்களுக்குப் பழக்கமான ஏதேனும் ஒரு பள்ளிவாசலை எண்ணிப் பாருங்கள். குத்பா முடிந்து அனைவரும் வரிசையில் எழுந்து நிற்கிறார்கள். நடுத்தர வயதுடைய ஒருவர் மட்டும் சுவரோரம் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். கையிலோ காலிலோ கட்டு இல்லை. முகத்தில் வாட்டமும் இல்லை. "நன்றாகத்தானே இருக்கிறார், இவருக்கு என்ன குறை?" என்று ஒரு பார்வை அவர்மீது விழுகிறது. அந்தப் பார்வையை அவர் உணர்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை.

அவருடைய குறை காதுக்குப் பின்னே, கூந்தல் மறைத்த தழும்புக்குள் இருக்கிறது. செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் எட்டாவது நரம்பில், உடலைச் சமநிலையில் நிறுத்தும் கிளையின் உறையிலிருந்து வளரும் கட்டியை மருத்துவர்கள் அக்கூஸ்டிக் நியூரோமா என்பர். இது புற்றுநோய் அன்று. ஓராண்டில் ஒரு லட்சம் பேரில் ஓரிருவருக்கே இது கண்டறியப்படுகிறது. மெதுவாக வளரும் இயல்புடையது. சிலருக்கு வளராமலும் நின்றுவிடும். எனவே சிறிய கட்டியைக் கண்காணித்து வருவதும், கதிர்வீச்சால் அடக்குவதும் உண்டு. பெரிதாகி மூளைத்தண்டை அழுத்தத் தொடங்கினால் அறுவையே வழியாகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கட்டிக்காக அறுவை செய்துகொண்டோரில் பெரும்பாலோர் மாண்டனர். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1917-இல் இந்நோய் பற்றித் தனி நூலே எழுதினார். 1960-களில் நுண்ணோக்கி அறுவைக் கூடத்திற்குள் வந்தபின் நிலைமை பெரிதும் மாறியது. நம் நாட்டில் 1949-இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தியும் நரம்பியல் அறுவை மருத்துவத்திற்கு வித்திட்டனர். இன்று தாம்பரத்தில் மின்ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால், அத்தகைய சிகிச்சை நடக்கும் அரசு மருத்துவமனையின் வாயிலை அடைந்துவிடலாம். உயிர் காக்கப்படுகிறது, அல்ஹம்துலில்லாஹ்! ஆயினும் வீடு திரும்பிய பின்னரே இன்னொரு சோதனை தொடங்குகிறது.

அது எத்தகையது? இரு காதுகளிலும் உள்ள சமநிலை உறுப்புகள், தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று மூளைக்கு இடையறாது சேதி அனுப்புகின்றன. கட்டியோடு ஒருபக்க நரம்பும் போய்விட்டால், ஒரு தட்டு அகற்றப்பட்ட தராசுபோல் மூளை தடுமாறுகிறது. முதல் சில நாட்கள் உலகமே சுழலும். வாரங்கள் செல்லச்செல்ல அது தணியும். ஆனால் நிதானம் திரும்ப மாதங்கள் ஆகலாம். இருட்டிலும், கண்ணை மூடும்போதும், சட்டென்று திரும்பும்போதும் தள்ளாட்டம் தலைகாட்டும். தலையில் இரும்புப் பட்டை இறுக்கியதுபோன்ற பாரமும் சேர்ந்துகொள்ளும். வெட்டப்பட்ட கழுத்துத் தசையும், ஆறிவரும் தழும்பும், தலைசுற்றலுக்கு அஞ்சிக் கழுத்தை அசைக்காமல் விறைப்பாக வைத்திருப்பதும் அப்பாரத்திற்குக் காரணமாகலாம். காதின் பின்புறமாக மண்டையோட்டைத் திறந்து செய்யும் முறையில் தலைவலி சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது. குனிந்தால் பாரம் ஏறும். தொழுகையோ குனிவதும் நெற்றியைத் தரையில் வைப்பதுமாக அமைந்தது. இங்கேதான் ஒரு முஸ்லிம் நோயாளியின் உள்ளம் கலங்குகிறது.

இந்தக் கலக்கத்திற்கு மார்க்கம் விடை கூறாமல் விட்டுவிடவில்லை. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் மூல நோயால் வருந்தியபோது, தொழுகையைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். நின்று தொழ வேண்டும், இயலாவிடில் அமர்ந்து, அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்ற கருத்தில் அண்ணலார் வழிகாட்டியதை புகாரீ நூலில் காண்கிறோம். சற்றுச் சிந்தியுங்கள். மூலநோயும் பிறர் கண்ணுக்குத் தெரியாத நோயன்றோ? நோயை மெய்ப்பித்துக் காட்டுமாறு அந்தத் தோழரிடம் கேட்கப்பட்டதாக அந்த அறிவிப்பில் இல்லை. அவர் சொன்னார், ஏற்கப்பட்டது. அண்ணலார் கேட்காத சான்றை, பின்வரிசையில் நிற்கும் நாம் கேட்கலாமா?

ஆகவே நோயுற்ற சகோதரரே, சகோதரியே! மருத்துவர் குனியக்கூடாது என்று தடுத்துள்ள காலத்தில் சைகையால் ருகூவும் ஸுஜூதும் செய்வது குறைவன்று. அது இறைவன் அளித்த சலுகை. ஸுஜூதுக்கான சைகை ருகூவைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால் போதும். நிற்க முடிந்து குனிய மட்டும் இயலாதவர் எவ்வாறு தொழுவது என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே விளக்க வேறுபாடு உண்டு. உங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. ஒளூவின்போது முக்காலியில் அமருங்கள். முகம் கழுவக் கண்ணை மூடும் அந்த நொடியில்தான் கால் தவறும். ஃபஜ்ருக்கு எழும்போது விளக்கைப் போட்ட பிறகே நடங்கள். ஸலாம் கொடுக்கத் தலையைத் திருப்புவதை மெதுவாகச் செய்யுங்கள். ரமளானில் நீர் குறைந்து தலைவலியும் மயக்கமும் மிகுமாயின், நோயாளிக்குப் பின்னர் நோற்கும் அனுமதி உண்டென்பதை மறவாதீர்கள்.

ஆனால் சலுகை என்பது கட்டிலோடு கிடப்பதற்கான அனுமதி அன்று. இதையே இக்கட்டுரை அழுத்திச் சொல்ல விரும்புகிறது. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தின் பெயரை நாள்தோறும் பார்க்கிறோம். 1928-இல் டாக்டர் சவுரி முத்து அங்கே காசநோயாளருக்காக நிறுவிய இல்லத்தால் வந்த பெயர் அது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில் ஓய்வும் தூய காற்றுமே சிகிச்சை. "நோயென்றால் படுத்திரு" என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்றும் அப்படியே நிலைத்திருக்கிறது. செவி நரம்பு அறுவைக்குப் பின் வரும் தலைசுற்றலோ இதற்கு நேர்மாறானது. தொடக்கத்தில் ஓய்வு தேவைதான். காயம் ஆறியபின் அசைவே மருந்து. எஞ்சிய ஒரு காதையும், கண்களையும், பாதத்தின் உணர்வையும் கொண்டு புதிய கணக்குப் போட மூளை கற்கிறது. அசையாதவருடைய மூளை எதைக் கொண்டு கற்கும்?

1940-களில் இங்கிலாந்தில் காதோர்ன், குக்ஸி என்னும் இரு மருத்துவர்கள் இதற்கென வகுத்த பயிற்சிகள் இன்றும் வழக்கில் உள்ளன. கண்ணை மேலும் கீழும் ஓட்டுதல், தலையை இருபுறமும் திருப்புதல், குனிந்து தரையிலுள்ள பொருளை எடுத்தல், அமர்ந்து எழுதல், படியேறி இறங்குதல் என்று அவை படிப்படியாக வளர்கின்றன. தொழுகையின் நிலைகளுக்கு இவை எத்துணை நெருக்கமானவை! தொழுகை உடற்பயிற்சி அன்று, அது வணக்கம். ஆயினும் மருத்துவர் அனுமதித்தபின் நாற்காலியிலிருந்து நிலைக்கும், நிலையிலிருந்து ருகூவுக்கும், பின்னர் ஸுஜூதுக்கும் சிறிது சிறிதாகத் திரும்பும் முயற்சி, வணக்கத்திற்கும் உடலுக்கும் ஒருங்கே நன்மை தரும். சலுகையைத் தேவைப்படும்வரை வைத்திருந்து, தேவை தீர்ந்ததும் நன்றியோடு திருப்பிக் கொடுப்பதே அழகு. தலைசுற்றலை அடக்கும் மாத்திரையையும் நெடுநாள் விழுங்கலாகாது. மூளை கற்பதை அது தாமதப்படுத்தும். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

எல்லாத் தலைபாரத்தையும் பொறுமை என்ற பெயரால் தாங்கிக்கொண்டிருப்பதும் தவறு. குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலோ, தொண்டையில் உப்புச் சுவை இறங்கினாலோ, தழும்பில் நீர் கசிந்தாலோ அதைச் சளி என்று எண்ணிவிடாதீர்கள். மூளையைச் சூழ்ந்த நீரே கசியக்கூடும். காய்ச்சல், கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, நாளுக்கு நாள் ஏறும் தலைவலி, நினைவு மங்கல் ஆகியவை தோன்றினால் ஒரு மணி நேரமும் காத்திராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் வண்டியில் போகும்போதே நடக்கலாம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நமக்கு அறிவுறுத்தியவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அல்லவா?

இனி வீட்டாருக்கு ஒரு சொல். அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டதென்று தாய்மார் மீது தண்ணீர்க் குடத்தையும் அரிசி மூட்டையையும் ஏற்றாதீர்கள். பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இருபுறமும் கூட்டம் நெருக்கும்போது, கண்ணை நம்பி நடப்பவருக்குத் தரையே நழுவுவதுபோல் இருக்கும்; கையைப் பிடித்துக் கூட்டிச் செல்லுங்கள். கேட்கும் காதின் பக்கமாக நின்று பேசுங்கள். "எல்லாம் உன் மனப்பிரமை" என்ற சொல் மட்டும் உங்கள் நாவிலிருந்து வரவேண்டாம். மாலைதோறும் தெருக்கோடி வரை உடன் நடப்பதைவிடச் சிறந்த நலம் விசாரிப்பு வேறில்லை.

ஜமாஅத் பொறுப்பாளர்களே! பள்ளியில் நான்கு நாற்காலிகள், ஒளூச் செய்யுமிடத்தில் ஒரு கைப்பிடி, படிக்கட்டில் ஒரு விளக்கு. இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. வராமற்போன அந்த ஒரு மனிதரை அவை திரும்ப அழைத்துவரும். வரும் வெள்ளிக்கிழமை அவர் சுவரோரம் அமர்ந்திருக்கக் கண்டால், என்ன குறை என்று கேளாமல் ஸலாம் சொல்லி அவர் அருகில் நில்லுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் எல்லாம் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அளிப்பானாக! அவர்களுடைய தள்ளாட்டத்தில் தோள் கொடுக்கும் உள்ளத்தை நமக்கு அருள்வானாக! ஆமீன்.