சார்புன்னா சின்னதா மக்கா?

நாகர்கோவில்ல சார்பு நீதிமன்றம் இருக்கு. பிளஸ் டூ கணக்குல சார்பு படிச்சோம். தமிழ் இலக்கணத்துல சார்பெழுத்து. 'சார்பு'ன்னதும் நம்ம மனசு 'கீழே'ன்னு எழுதிக்கிடும். அது சரியில்லைங்கறதுதான் என் கட்சி.

முதல்ல எழுத்து. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னால அரங்கேறியதாகப் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு நம்ம மாவட்டத்து ஊர்தான் என்பார்கள். அந்த நூல் குற்றியலுகரத்தைச் சார்பெழுத்தில் வைக்கிறது. தனியாக நிற்காது, இன்னொரு எழுத்தைச் சார்ந்தே வரும். ஆனா அது இல்லாம நாடு, வீடு, காசு எதையும் சொல்ல முடியாது. 'சார்பு' என்ற சொல்லே குற்றியலுகரத்தில்தான் முடியுது!

கணக்குல ஒரு மாறி இன்னொன்றைச் சார்ந்திருக்கும். நேர்மாறுச் சார்பு எடுத்தா சார்ந்தது சாராததாகிவிடும். இதில் யார் பெரியவர்?

சட்டத்தில் அரசியலமைப்பின் 233 முதல் 237 வரையான பிரிவுகள் சார்பு நீதிமன்றங்களைப் பற்றியவை. கட்டுப்பாடு உயர் நீதிமன்றத்திடம். ஆனா சாட்சியின் முகத்தைப் பார்த்து விசாரிப்பது கீழே என்று நாம் சொல்லும் இடத்தில்தான். விசாரணை நீதிமன்றத்தைக் 'கீழ் நீதிமன்றம்' என்று சொல்லக்கூடாது என 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொன்னது.

பணத்துல மட்டும் கதை வேற. 'சப்ஆர்டினேட்டட்' கடன் பத்திரம்னா, கம்பெனி நொடிச்சா மத்த கடன்காரங்களுக்கெல்லாம் கொடுத்து மிஞ்சினாத்தான் உங்களுக்கு. அதுக்குக் கூலிதான் அந்தக் கூடுதல் வட்டி. 1926ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27ல் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. டெபாசிட் போட்டவங்க பணம் முழுசா தப்பிச்சுது. இந்த வகைப் பத்திரம் வச்சிருந்தவங்களோட 318.20 கோடி ரூபாய் பூஜ்யமாச்சு. ரெண்டு பேரும் பணம் கொடுத்தது ஒரே வங்கிக்குத்தான். நின்ன வரிசைதான் வேற.

அதனால, ஒரு சொல் நாலு இடத்துல வந்தா நாலு தடவை அர்த்தம் கேளுங்க. வீட்டுல அப்பாவோ அம்மாவோ 'வட்டி கூட தாறாங்க'ன்னு ஒரு விண்ணப்பத்தோட வந்தா, கையெழுத்துக்கு முன்னால நீங்க வாங்கிப் படிங்க. இது டெபாசிட்டா, பத்திரமா? கம்பெனி மூழ்கினா நமக்கு முன்னால வரிசையில யாரெல்லாம் நிப்பாங்க? இஞ்சினியரிங் படிச்ச பிள்ளை வீட்டுக்குச் செய்யற முதல் உதவி இதுவா இருக்கட்டும்.