யாத்திரையா, சுற்றுலாவா?

பள்ளிக்கூடங்களில் சுற்றுலா என்று சொல்லிப் பிள்ளைகளிடம் பணம் வசூலித்துப் பஸ் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். போகிற இடம் எதுவென்று பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று கோவில்கள்; நடுவில் ஒரு கடைவீதி. திரும்பி வருகிற பிள்ளை நெற்றியில் விபூதியும் கையில் பஞ்சாமிர்த டப்பாவும் கொண்டு வருகிறதேயொழிய, புதிதாய் ஒரு கேள்வி கொண்டு வருவதில்லை. இதற்கு யாத்திரை என்றே பெயர் வைத்துவிடலாமே!

மேல்நாடுகளில் எரிமலை இருக்குமிடத்துக்கும், நெருப்புக் குழம்பு ஓடி உண்டான குகைகளுக்கும் பிள்ளைகளை அழைத்துப்போய், பூமி உண்டான விதத்தைக் கல்லைக் காட்டியே சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் நாட்டில் இன்று கக்குகிற எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு ஒன்றுதான். அஜந்தா, எல்லோராக் குகைகளைக் குடைந்திருக்கும் பாறை, சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓடி உறைந்த எரிமலைக் குழம்பு. பேரையூர்ப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. திருமங்கலம் வழியாய் மதுரைக்குப் போனால் பசுமலையும் நாகமலையும், மதுரைக்கு அப்பால் யானைமலையும் இருக்கின்றன.

இம்மலைகளைப் பற்றி நம் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பது என்ன? சமணர்கள் மந்திர பலத்தால் யானையையும் பாம்பையும் பசுவையும் மதுரைமேல் ஏவினார்களாம். அவை மாண்டு மலையாய்ப் போயினவாம். எறும்பை மிதிக்கவும் அஞ்சி மயிற்பீலியால் வழியைக் கூட்டி நடந்தவர்கள், ஊரைக் கொல்ல மைல் கணக்கான பாம்பை ஏவினார்கள் என்றால் அதை நம்புவதற்கு எவ்வளவு பக்தி வேண்டும்! யானைமலைக் குகைப் பாறையில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய தமிழ் எழுத்து இருக்கிறது. அதில் அந்த மலைக்கு 'இவகுன்றம்' என்று பெயர். இவம் என்றால் யானை. படுத்த யானை போலிருந்ததால் யானைமலை என்றார்கள். பெயரைப் பார்த்துப் பிறகு கதை கட்டினார்கள். இல்லை, கதை அதற்கும் முன்னமே நடந்தது என்பார்களானால், தோற்றுப்போனவர்கள் அதே யானையின்மேல் நிம்மதியாய்ப் படுக்கை போட்டுக் குடியிருந்தது எப்படி என்று கேட்கிறோம்.

மலையின் நிஜமான கதையோ இதைவிட அதிசயமானது. பூமிக்குள் பல மைல் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறின பாறை, மேலே மூடியிருந்ததெல்லாம் மழையிலும் வெயிலிலும் கரைந்தபின் வெளியே தெரிகிறது. வயது 50 கோடி ஆண்டுக்கு மேல்.

அழகர்மலைக் குகைக்கு அவசியம் போகவேண்டும். அங்கே துறவிகளுக்குக் கற்படுக்கை செய்துகொடுத்தவர்கள் பெயர் பாறையில் இருக்கிறது. உப்பு வாணிகன், அறுவை என்கிற துணி வாணிகன், ஏர்க்கொழு விற்றவன்! எழுத்து ஒரு கூட்டத்துக்கே சொந்தம் என்று பிற்காலத்தில் சொல்லப்பட்டதே, அதற்கு உப்பு விற்றவன் அன்றே பதில் சொல்லி வைத்திருக்கிறான். மழைத் தண்ணீர் உள்ளே வடியாமலிருக்கக் குகை நெற்றியில் காடி வெட்டியிருப்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். அது தேவதச்சன் வேலையல்ல, உளி பிடித்தவன் வேலை. கீழக்குயில்குடிச் சமணர்மலையில் தீர்த்தங்கரர் சிலை இருக்கும் குகையைச் செட்டிப்புடவு என்கிறார்கள். சிலையைச் செட்டியாராக்கிவிட்டது நம் ஜனங்களின் ஞாபகம்!

அலட்சியமாயிருந்தால் பார்ப்பதற்கு மலையே மிஞ்சாது. 2022-ல் பல்லுயிர் மரபுத் தலமென்று அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும் சேர்த்து 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். கிராமத்தார் திரண்டு எதிர்த்ததால் 2025 சனவரியில் அது ரத்தாயிற்று. மலையின் மதிப்பு தெரிந்திருந்ததால்தான் அவர்கள் எதிர்த்தார்கள்.

ஆகவே, பேரையூர்ச் சுற்றுவட்டாரத்து உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் தை மாசியில், வெயில் ஏறுமுன், இந்தப் பயணத்தை நடத்தவேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். வயது வந்த பெண் என்று எந்தப் பிள்ளையையும் வீட்டில் நிறுத்தக்கூடாது. பணமில்லை என்று சேரிப் பிள்ளையை விட்டுப் போகவும் கூடாது. பாறையில் பெயர் கீறாதிருக்க முன்னமே சொல்லிவைக்க வேண்டும். கட்டுச்சோறும் தண்ணீரும் போதும். பஸ் வாடகைக்கு, ஊர்த் திருவிழாவில் வாணவேடிக்கைக்கு எரிக்கிற பணத்தில் கால்பாகம் எடுத்தால் மிச்சமும் இருக்கும்.