கலப்பு இயக்க வண்டியும் எரிபொருள் சிக்கனமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பண்ணை நடத்துவோருக்குப் பிக்கப் என்னும் சிறு பாரவண்டி இன்றியமையாத சாதனமாகும். விதை, உரம், தீவனம், வேலிக்கம்பி, பழுதான குழாய் முதலிய யாவும் அதிலேதான் ஏறி இறங்குகின்றன. அவ்வண்டிக்கு ஆகும் பெட்ரோல் செலவு, ஆட்கூலியைப் போலவே ஆண்டுக் கணக்கில் தவறாது இடம்பெறும் செலவு. இச்செலவைக் குறைக்கும் நோக்கத்துடன் பலரும் இப்பொழுது கலப்பு இயக்க வண்டிகளை, அதாவது பெட்ரோல் யந்திரமும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைப்ரிட் வண்டிகளை, நாடி வருகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், வண்டியை வாங்கிய மாத்திரத்தில் சிக்கனமும் உடன் வந்துவிடும் என்ற எண்ணம் பலரிடம் காணப்படுகிறது. இது நஷ்டத்துக்கு வழிகாட்டும் எண்ணம். ஒட்டு ரக விதையை அதிக விலை கொடுத்து வாங்கியும், எருவும் நீரும் பருவத்தில் இடாதவன் கண்ட பலனையே இவர்களும் காண்பர்.

முதலாவதாக, இவ்வண்டி எங்கே லாபம் தரும் என்பதை ஆராய வேண்டும். போர்டு கம்பெனியார் 2021-ம் ஆண்டில் வெளியிட்ட மாவெரிக் என்ற சிறு பிக்கப் இதற்குத் தக்க உதாரணம். அதன் 2022-ம் ஆண்டு மாதிரியில் கலப்பு இயக்க வண்டிக்கு, அமெரிக்க அரசாங்கத்தின் சோதனை மதிப்பு, ஒரு அமெரிக்க காலனுக்கு நகரத்தில் 42 மைல், நெடுஞ்சாலையில் 33 மைல். அதே மாதிரியில் முன்சக்கரங்களால் மட்டும் இயங்கும் தனிப் பெட்ரோல் வண்டிக்கு முறையே 23 மைலும் 30 மைலும் ஆகும். இதனை நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பார்த்தால் உண்மை விளங்கும். நகரத்தில் கலப்பு வண்டி சுமார் 5.6 லிட்டரும், பெட்ரோல் வண்டி சுமார் 10.2 லிட்டரும் குடிக்கின்றன, மிச்சம் 4.6 லிட்டர். நெடுஞ்சாலையிலோ 7.1 லிட்டருக்கு 7.8 லிட்டர்; மிச்சம் 0.7 லிட்டர் மட்டுமே. ஆகவே, நின்று நின்று செல்லும் கடைவீதி, பால் சேகரிப்பு, வயலுக்கு வயல் போதல் போன்ற வேலைகள் மிகுந்தவனுக்கு இவ்வண்டி பெரும் லாபம். நாள்தோறும் நெடுந்தூரம் ஒரே வேகத்தில் செல்பவன், எரிபொருளை மட்டும் கருதி இதற்கு அதிக விலை கொடுப்பது விவேகமன்று.

இவ்வேற்றுமைக்குக் காரணம் வண்டியின் அமைப்பிலேயே உள்ளது. வண்டியை நிறுத்தும்போது, சாதாரண வண்டியில் அதன் ஓட்டசக்தி முழுவதும் பிரேக்கில் வெப்பமாகி வீணாகிறது. கலப்பு வண்டியிலோ மோட்டாரே டைனமோவாக மாறி அதில் பெரும்பங்கை மின்சாரமாக மீட்டுப் பாட்டரியில் சேர்க்கிறது. நிறுத்தம் உள்ள இடத்தில்தான் மீட்பதற்கு ஏதேனும் இருக்கும். இதன் பெட்ரோல் யந்திரம் அட்கின்சன் முறையைச் சார்ந்தது. வாயு விரியும் அளவு அமுங்கும் அளவைவிட அதிகமாக இருப்பதால், எரிபொருளின் பயன் கூடுகிறது. புறப்படும்போது உண்டாகும் வலுக்குறைவை மோட்டார் ஈடு செய்கிறது.

ஆனால் பாட்டரியின் கொள்ளளவைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. மேற்படி வண்டியின் பாட்டரி 1.1 கிலோவாட் மணி அளவுள்ளது. அது குதிர் அன்று, மரக்கால். பாரத்துடன் 2,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது கொண்டிருக்கும் ஓட்டசக்தி 0.11 கிலோவாட் மணி, அதாவது பாட்டரியில் பத்தில் ஒரு பங்கு. அதே வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி சுமார் 0.54 கிலோவாட் மணி, ஏறக்குறையப் பாதி. ஆகையால் நீண்ட மலையிறக்கத்தில் பாட்டரி விரைவில் நிறைந்துவிடும். அதற்குமேல் மீட்க இடமில்லை.

மின்சாரத்தால் மட்டும் எவ்வளவு தூரம் ஓட்டினோம் என்று பெருமை பேசுவோரும் உளர். வெளியிலிருந்து மின்சாரம் ஏற்றாத இவ்வகை வண்டியில், பாட்டரியில் உள்ளதெல்லாம் பெட்ரோலிலிருந்து வந்ததே. யந்திரம் எழுந்துவிடக்கூடாது என்று ஆமை வேகத்தில் ஊர்ந்து பாட்டரியை வற்றச் செய்தால், பின்னர் யந்திரமே அதனை நிரப்ப வேண்டியிருக்கும். போகும்போதும் வரும்போதும் ஒரு பங்கு வெப்பமாகக் கழியும். ஆகவே அளவான வேகத்தில் புறப்பட்டு, யந்திரத்தைத் தக்கபடி வேலை செய்யவிடுவதே முறை.

ஓட்டுநரின் கையில் உள்ளவை வேறு. முதலாவது, முன்னே பார்த்து ஓட்டுதல். நிற்க வேண்டிய இடம் தூரத்தில் தெரிந்தவுடன் காலை எடுத்துவிட்டு, மெதுவாகப் பிரேக்கை அழுத்த வேண்டும். திடீரென்று அழுத்தினால் மோட்டாரால் தாங்கக்கூடிய அளவு மிஞ்சி, மீதி பிரேக்கில் வெப்பமாகும். வண்டியின் முன்பலகையில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எவ்வளவு மீட்கப்பட்டது என்று நூற்றுக்கணக்கில் காட்டும் வசதி உண்டு. ஓட்டுநர் அதனைப் பார்த்துப் பழகுதல் நலம்.

இரண்டாவது, வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 110-க்கு ஏறினால் எதிர்ப்பு ஏறக்குறைய இருமடங்காகும். மூன்றாவது, பாரம். வேண்டாத 45 கிலோ எடை, எரிபொருள் பயனில் நூற்றுக்கு ஒன்று குறைக்கும் என்பது அமெரிக்க எரிசக்தி இலாகாவின் கணக்கு. சென்ற மாதத்துச் சங்கிலியும் காலி டின்களும் வண்டியிலேயே கிடப்பது பல பண்ணைகளில் வழக்கம். நான்காவது, டயர்க் காற்று. கதவுத் தூணில் ஒட்டியுள்ள சீட்டில் குறித்த அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஐந்தாவது, குறுந்தூரப் பயணங்களை ஒன்றாக்குதல். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 7 டிகிரி சென்டிகிரேடாக இருக்கும் குளிர்காலத்தில், குறுந்தூர ஓட்டத்தில் கலப்பு வண்டிகளின் பயன் நூற்றுக்கு 30-க்கு மேலும் குறையக்கூடும் என மேற்படி இலாகா கூறுகிறது. யந்திரம் சூடாகும்வரை வீணாவதை நான்கு தடவை செலவிடுவதைக் காட்டிலும், நான்கு வேலைகளையும் ஒரே பயணத்தில் முடித்தல் மேல்.

பின்பலகையைத் திறந்துவிட்டு ஓட்டினால் காற்று எளிதில் வெளியேறிப் பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கையும் பண்ணையாரிடையே உண்டு. பலகை மூடியிருக்கும்போது பெட்டிக்குள் ஒரு காற்றுச்சுழல் நிலைத்து, மேலே செல்லும் காற்று அதன்மேல் வழுக்கிச் செல்கிறது. திறந்தால் அச்சுழல் குலையும். ஏற்றிய பொருளும் சாலையில் விழும். மூடியே ஓட்டுக.

இவையெல்லாம் அற்ப விஷயங்கள் என்று ஒதுக்குவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நகரமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்தில் அரசாங்க மதிப்பு, கலப்பு வண்டிக்கு 37 மைல், பெட்ரோல் வண்டிக்கு 26 மைல். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடினால் முன்னதற்குச் சுமார் 1,270 லிட்டரும், பின்னதற்குச் சுமார் 1,810 லிட்டரும் ஆகும். மிச்சம் 540 லிட்டர். கவனக்குறைவால் கலப்பு வண்டியின் பயன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகக் கொண்டால், செலவு சுமார் 1,590 லிட்டராக உயரும். மிச்சத்தில் 320 லிட்டர் போய், கையில் நிற்பது 220 லிட்டர். அதிக விலை கொடுத்து வாங்கிய லாபத்தில் பாதிக்கு மேல், வண்டியின் குற்றம் ஒன்றும் இன்றியே, காற்றிலும் பிரேக்கிலும் கரைந்துபோகிறது. திடீர்ப் பாய்ச்சலும் திடீர் நிறுத்தமும் மாத்திரமே நகர ஓட்டத்தில் நூற்றுக்கு 10 முதல் 40 வரை நஷ்டம் செய்யக்கூடியவை என்று மேற்படி இலாகா கணக்கிட்டிருப்பதால், ஐந்தில் ஒரு பங்கு என்பது மிகைப்படுத்தியதாகாது.

ஆகையால் வண்டியுடன் ஒரு கணக்குப் புத்தகமும் வாங்குவது அவசியம். பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் தேதி, ஓடிய தூரம், நிரப்பிய அளவு, ஓட்டியவர் பெயர் ஆகிய நான்கையும் குறித்தால், ஒரு பருவத்துக்குள் எந்த வேலையில், எவர் கையில் எரிபொருள் வீணாகிறது என்பது தெளிவாகும். பொது உபயோகத்துக்கு வண்டி வைத்திருக்கும் ஸ்தல ஸ்தாபனங்களும் அதிகாரிகளும் இதனைக் கண்டிப்பாக அனுசரித்தல் வேண்டும். பலர் ஓட்டும் வண்டிக்குப் பொறுப்பாளி ஒருவரும் இல்லை என்ற நிலைமை கூடாது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. பெட்ரோல் விஷயத்திலோ, கணக்குப் பார்ப்பவனுக்கே மிஞ்சும். இம்முறை கலப்பு வண்டிக்கு மட்டும் உரியதன்று. டிராக்டரோ, எண்ணெயில் ஓடும் பம்பு யந்திரமோ, சொந்தமாக எது வைத்திருப்பவரும் அடுத்த முறை எண்ணெய் நிரப்பும் நாளிலிருந்தே இதனைத் தொடங்கலாம்.