மண்ணுக்குக் கணக்கு ஏழைக்கு மட்டும்தானா?

ஏரியில் வண்டல் எடுக்கப் போகும் விவசாயிக்குச் சென்னை சர்க்கார் அளவு வைத்திருக்கிறது. நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. பானை செய்யும் குயவருக்கு 60. அதற்கு மேல் அள்ளினால் குற்றம்! கணக்கு வேண்டியதுதான், ஏரி ஊருக்குப் பொது. ஆனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் உண்டா என்று கேட்கிறோம்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. மில்கள் மூடிக் கிடந்தன. கூலிக்காரன் வீட்டு அடுப்பு அணைந்தது. மூன்றே நாளில், மார்ச் 28-இல், டில்லி சர்க்கார் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சாலை, குழாய்ப் பாதை போல நீண்டு செல்லும் திட்டங்களுக்கு மண் தோண்டச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்றது. எவ்வளவு மண்? வரம்பில்லை. எத்தனை ஏக்கர்? வரம்பில்லை. எவை அந்தத் திட்டங்கள்? விளக்கமில்லை. ஜனங்களின் ஆட்சேபத்தைக் கேட்கவுமில்லை. குயவர் மண்ணுக்குக் கணக்கு; காண்டிராக்டர் டிப்பருக்குத் திறந்த கதவு!

நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் 21-இல், சுப்ரீம் கோர்ட்டு அந்த விலக்கைத் தன்னிச்சையானது என்று ரத்து செய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்குள் தோண்டிய குழிகளைத் தீர்ப்பு வந்து மூடிவிடுமா?

“அப்படியானால் ரோடு வேண்டாமா?” என்பார்கள். வேண்டும். மில்லுக்குப் போகும் தொழிலாளியும் அந்த ரோட்டில்தான் போகிறான். ரோட்டை மேடாக்க எங்கள் ஊரைப் பள்ளமாக்குவதைத்தான் எதிர்க்கிறோம். மேல்மண் போனால் விளைச்சல் போயிற்று. வெட்டிய குழியில் மழைநீர் தேங்கும். கன்று விழும், பிள்ளை விழும். பக்கத்து வயலின் வரப்பு சரியும். மண்ணை விற்ற நிலக்காரனுக்கு ஒரு தடவை பணம் வருகிறது. அதே நிலத்தில் நாற்று நட்டு, களையெடுத்த கூலிப் பெண்ணுக்கு வருஷா வருஷம் கிடைத்த வேலை போகிறது. அவள் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

ஆகவே நாம் கோருவது இது. தோண்டுமுன் அளவையும் ஆழத்தையும் கிராம சபையில் வாசிக்க வேண்டும். மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்ப வேண்டும். குழியைச் சரிசெய்யாத காண்டிராக்டருக்குக் கடைசிப் பில்லைக் கொடுக்கக் கூடாது.

தோழர்களே! டிப்பர் ஊருக்குள் வந்தால் கூடி நின்று கேளுங்கள்: எத்தனை கன மீட்டர்? எவ்வளவு ஆழம்? குழியை மூடுவது யார்? மண்ணை அளக்கட்டும், எல்லோருக்கும் ஒரே கோலால் அளக்கட்டும்!